ஃபேன் இரைச்சலை அடக்கப் போய்: டெஸ்க்டாப்பில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

நேற்றுவரை இருக்கிற இடம் தெரியாமல் ஓடிய டெஸ்க்டாப், இன்று ஸ்விட்ச் போட்டதும் மாவு மில் மாதிரி இரைகிறது. உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார்கள். தூசு தட்டுங்கள், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடங்களை மட்டும் பார்ப்போம்.

சத்தத்தைக் கேட்காமலேயே திறப்பது

‘உஸ்ஸ்’ என்று ஒரே சீராகக் காற்று சத்தம் வந்தால் ஃபேனில் கோளாறு இல்லை. வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ‘கரகர’ என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. ‘டக டக’ என்றால் ஏதோ ஒரு வயர் இறக்கையில் உரசுகிறது.

காற்று சத்தம் என்றால் முதல் வேலை கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பது. எந்த புரோகிராமையும் திறக்காமலே சிபியு (அதாவது பிராசசர்) 60, 70 சதவீதத்தில் நின்றால் சூட்டுக்குக் காரணம் சாஃப்ட்வேர், பிராசசர் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலர் இல்லை. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சத்தம் குறைகிறது, மூடினால் மறுபடி ஏறுகிறது, இரண்டு மூன்று முறை பார்த்தும் இதே கதை என்றால் கிரிப்டோ மைனிங் வைரஸை (உங்கள் மெஷினைத் திருட்டுத்தனமாக ஓட்டி டிஜிட்டல் காசு சேர்ப்பது) சந்தேகியுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள்.

சிபியு சும்மா இருக்கிறதா? அடுத்து வெப்பநிலை. கோர் டெம்ப் போன்ற இலவச புரோகிராம் போதும். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி என்றால் கவலையில்லை. 70-ஐத் தாண்டினால் தூசு அடைத்திருக்கிறது, அல்லது கூலர் சரியாகப் பதியவில்லை. 40 டிகிரிதான் காட்டுகிறது, ஆனாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது என்றால் கோளாறு ஃபேனின் வேகக் கட்டுப்பாட்டில். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் கூலர் மேல் கை வைக்கக் கூடாது.

ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள்: அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். ஜனவரியில் அமைதியாக இருந்த மெஷின் அக்னி நட்சத்திரத்தில் இரைவது பழுது இல்லை.

இறக்கையை மட்டும் துடைப்பது

பிரஷ்ஷால் இறக்கைகளைப் பளபளப்பாக்கிவிட்டு, ‘கிளீன் பண்ணிட்டேன், அப்படியேதான் இருக்கு’ என்பார்கள். தூசு அடைவது ஃபேனுக்கும், சூட்டை இழுத்து வெளியே விடும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளுக்கும் நடுவில். அங்கே அது கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகப் படிந்து காற்றை மறித்துக்கொண்டிருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். பெரும்பாலான கூலர்களில் ஃபேன் மட்டும் கிளிப்பிலோ ஸ்க்ரூவிலோ தனியாக வந்துவிடும். ஹீட்சிங்க்கை அசைக்கத் தேவையில்லை.

ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனைச் சுழல விடுவது

இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயர் காற்றில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும்.

ஏஎம்4 கூலரை நேராக மேலே இழுப்பது

இத்தனை பேர் எச்சரித்தும் நிற்காத தவறு இது. ஃபேன் சத்தம் என்ற சின்னத் தொல்லையில் ஆரம்பித்து, பிராசசரையே பறிகொடுப்பதில் முடிகிறது.

ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 1000 முதல் 5000 வரிசை வரையான டெஸ்க்டாப் பிராசசர்கள் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காருபவை. பிராசசரின் அடியில் தலைமுடி போல 1331 பின்கள். இன்டெல்லில் பிராசசரை மேலிருந்து ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும். 2022-இல் வந்த ஏஎம்5-இலும் அப்படித்தான். ஏஎம்4-இல் அந்தச் சட்டம் கிடையாது. பக்கத்து லீவர் பின்களை இறுக்கிப் பிடிக்கிறதே, அந்தப் பிடி ஒன்றுதான் பிராசசரை நிறுத்தி வைத்திருக்கிறது. கூடவே வரும் கூலரின் பேஸ்ட்டோ (சூட்டைக் கடத்த பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுவது) இரண்டு மூன்று வருடத்தில் காய்ந்து பசையாக இறுகிவிடும். இப்போது நான்கு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு கூலரை ‘வெடுக்’கென்று இழுத்தால், லீவர் பூட்டியபடியே இருக்க, பிராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வரும்போதே ஓரத்துப் பின்கள் சில வளையும். பதறிப்போய், லீவரைத் தூக்காமல் அப்படியே திரும்ப அழுத்துவார்கள் பாருங்கள், மிச்சப் பின்களும் அதில் படுத்துவிடும். வளைந்த பின்னுக்கு வாரண்டியும் கிடைக்காது.

சரியான வழி இது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் மெஷினை ஓட்டி, ஏதாவது வீடியோவோ கேமோ போட்டு பிராசசரைச் சூடாக்குங்கள். பேஸ்ட் இளகும். ஷட்டவுன் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகு, ஆறவிடாமல் வேலையைத் தொடங்குங்கள். கேபினட்டைப் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். ரைசனோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரில் ஸ்க்ரூ போவது மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில், நான்கும் கழன்றால் அந்தத் தகடு விழுந்துவிடும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இரு கையாலும் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கைக்கே தெரியும். அதற்கு அப்புறம்தான் தூக்க வேண்டும். திருகினால் அசையவில்லையா? பலம் காட்டாமல், மறுபடி மாட்டிச் சூடாக்குங்கள்.

பிராசசர் ஏற்கெனவே கையோடு வந்துவிட்டால்: கூலரிலிருந்து பக்கவாட்டில் திருகி எடுத்து, பின்களை வெளிச்சத்தில் வரிசை வரிசையாக இரண்டு திசையிலும் பாருங்கள். வளைந்ததை 0.5 எம்எம் மெக்கானிக்கல் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, அதன் குழல் நுனிக்குள் நுழைத்து ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். லீவரைச் செங்குத்தாகத் தூக்கி, மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் பிராசசர் தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் இன்னும் ஏதோ ஒரு பின் கோணல். மெஷின் ஆன் ஆகியும் ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யவில்லை என்றாலும் பின்னைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

கூலரை ஒருமுறை தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட் செத்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் இரு பக்கமும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரே ஒரு புது புள்ளி. விரலால் பரப்ப வேண்டாம், கூலர் அழுத்தத்தில் தானே பரவும்.

இன்டெல்லில் மூன்று கால் கூலர்

இன்டெல்லோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் புஷ்பின் (ஸ்க்ரூவுக்குப் பதில் அழுத்தி மாட்டும் கால்). ஒன்று பதியாமல் போனாலும் கூலர் சாய்ந்து நிற்கும். சிபியு சீக்கிரமே 90-ஐத் தொடும், ஃபேன் அலறும். பின் தலையில் இருக்கும் அம்புக்குறி கழற்றத் திருப்ப வேண்டிய திசை. மாட்டுவதற்கு முன் எதிர்த்திசையில் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக ‘கிளிக்’ கேட்கும்வரை அழுத்துங்கள். கேட்டதை நம்பாதீர்கள், போர்டின் பின்பக்கம் நான்கு கால்களும் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

புது கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலம்

உரியுங்கள்.

சூடு இல்லை, ஆனாலும் முழு வேகம்

பயாஸை (மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை புரோகிராம்) அப்டேட் செய்தாலும், மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனாலும் ஃபேன் அமைப்புகள் கம்பெனி வைத்த நிலைக்குத் திரும்பிவிடும். கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பு நேரம் காட்டினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். இன்னொன்று, 3 பின் ஃபேனை வாங்கி 4 பின் இணைப்பில் செருகுவது. பொருந்தும், ஓடும். ஆனால் 3 பின் ஃபேனின் வேகம் குறைய வோல்டேஜ் குறைய வேண்டும். பயாஸில் அந்த இணைப்பு பிடபிள்யூஎம் (4 பின் ஃபேனுக்கான முறை) என்று இருந்தால் 12 வோல்ட் குறையாமல் போய்க்கொண்டே இருக்கும். டிசி (வோல்டேஜைக் குறைக்கும் முறை) என்று மாற்றினால் அடங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம். குளிர்ந்தால் உறையும், நாளானால் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில வாரம் ஓட்டலாம், அதற்குள் புது ஃபேன் வாங்கிவிடுங்கள். வாங்குமுன் பழையதன் ஒரு பக்கத்தை அளந்து பாருங்கள்: 80, 92, 120 எம்எம்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறப்பது

எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி. கரகர சத்தம் அதற்குள்ளிருந்து வந்தாலும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போய் டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். வாரண்டி இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் முழு எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றுங்கள்.