கைக்குழந்தையோட ஏற்காட்டுல 3 நாள்: எப்படி சமாளிச்சோம், நீங்க எப்படி பண்ணலாம்

பொங்கலுக்கு வரிசையா லீவு வந்துச்சு, வீட்டுக்குள்ளயே டிவி முன்னாடி உக்காந்து ஓட்டுறதுக்கு மனசு வரல, பாப்பாவுக்கு அப்ப 8 மாசம். ஏற்காடு போலாம்னு சொன்னதும் அத்தை "பச்சக் குழந்தைய தூக்கிட்டு பனியில எங்கடி போறீங்க"ன்னு ஆரம்பிச்சாங்க, கடைசில அவங்களும் கூட வந்துட்டாங்க, அது வேற கதை. போறதுன்னா எப்படி போகணும்னு அப்ப கத்துக்கிட்டதை எழுதுறேன்.

ஊரு எதுன்னு முடிவு பண்றதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். குழந்தையோட முதல் தடவைன்னா ஊட்டி, கொடைக்கானல் வேணாம்னுதான் சொல்வேன், ஊட்டி 2200 மீட்டருக்கு மேல, குளிரும் அதிகம், 2024 மே மாசத்துலருந்து ரெண்டு ஊருக்கும் இ-பாஸ் வேற எடுக்கணும். ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம்தான், சேலத்துலருந்து 30 கிலோமீட்டர் போல. குழந்தைக்கு ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா சேலத்துக்கு இறங்கிடலாம்ங்கிற தைரியம் ரொம்ப முக்கியம், அந்த தைரியம் இருந்தாதான் நமக்கு தூக்கமே வரும். தடுப்பூசி போட்ட மறுநாளே மட்டும் கிளம்பிடாதீங்க, காய்ச்சல் வந்தா அது ஊசியாலயா குளிராலயான்னு தெரியாம முழிக்கணும்.

அடுத்து ப்ளான். என்ன ப்ளான் போட்டீங்களோ அதுல பாதிய அடிச்சிடுங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் பாப்பாவோட ரெண்டு தூக்கத்துக்கு நடுவுல. எங்க பாப்பா காலைல 9 மணிக்கு ஒரு தூக்கம், மதியம் ஒரு மணிக்கு மேல ஒரு தூக்கம், அதனால பத்தரைலருந்து பன்னண்டரை வரைக்கும்தான் எங்களுக்கு ஊர் சுத்துற நேரம். முதல் நாள் இதை மதிக்காம மூணு இடம் பாத்துடலாம்னு போய், ரெண்டாவது இடத்துல அவ போட்ட கத்தல்ல டூரிஸ்ட் எல்லாம் வியூ பாயிண்ட்ட விட்டுட்டு எங்களைத்தான் பாத்தாங்க.

மலை ஏறுறப்போ 20 கொண்டை ஊசி வளைவு. கிளம்புறதுக்கு முன்னாடி வயிறு முட்ட பால் குடுத்துட்டு உடனே ஏறாதீங்க, கக்கிடும், ஒரு அரைமணி முக்காமணி இடைவெளி விட்டா போதும். மேல போகப்போக நமக்கு காது அடைக்கும்ல, குழந்தைக்கும் அப்படித்தான், முழுங்க முழுங்க சரியாகும். அதனால பாதி வழில ஓரமா வண்டி நிக்க இடம் இருக்கிற எடத்துல நிறுத்தி கொஞ்சம் தாய்ப்பால் குடுங்க, ஓடுற வண்டில மடியில வெச்சு குடுக்காதீங்க. மடியில வெச்சுக்கிட்டா பத்திரம்னு நாம நினைக்கிறோம், ஆனா சடன் பிரேக்குல எந்த அம்மா கையாலயும் பிடிச்சு நிறுத்த முடியாது. பின்சீட்ல, பின்பக்கம் பாத்த மாதிரி கார் சீட்தான் சரி, 2019 சட்டத் திருத்தப்படி 14 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லன்னா ஆயிரம் ரூபா ஃபைனும் இருக்கு. தடிமனான ஜெர்கின் போட்டு பெல்ட் மாட்டக்கூடாது, பெல்ட் லூசா நிக்கும், மாட்டிட்டு மேல போர்வைய போத்துங்க.

ட்ரெஸ் விஷயத்துலதான் எங்க வீட்ல சண்டையே. அத்தை மூணு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு பாப்பாவை சோளக்கதிர் மாதிரி சுத்திட்டாங்க, பத்து நிமிஷத்துல வேர்த்து ஊத்தி அழுக ஆரம்பிச்சா. நாம போடுறதை விட ஒரு அடுக்கு கூட, அவ்ளோதான் கணக்கு. கை கால் ஜில்லுன்னு இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, அது எப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கும், பின்கழுத்துல கை வெச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா சரி, வேர்த்திருந்தா ஒண்ணைக் கழட்டுங்க. மதியம் மலையிலயும் வெயில் சுள்ளுன்னு அடிக்கும், நிழலும் பருத்தித் தொப்பியும் போதும், 6 மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேணாம். மூணு நாளும் குளிப்பாட்டல, வெந்நீர்ல துணிய நனைச்சு துடைச்சு விட்டதோட சரி.

சாப்பாட்டுக்கு ஹோட்டலை நம்பாதீங்க. ஒரு நல்ல ஃப்ளாஸ்க், வறுத்து அரைச்ச சத்துமாவு, வீட்டு நெய், வாழைப்பழம், இது இருந்தா 8 மாசத்துக்கு ராஜ சாப்பாடு. ஹோட்டல்ல இட்லி மட்டும் சூடா வாங்கி வெந்நீர் விட்டு மசிச்சுக் குடுத்தேன், சாம்பார் சட்னி கிட்டயே போகல. மலைத்தேன் விக்கிறாங்கன்னு ஆசைப்பட்டு நாக்குல தடவிடாதீங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் கூடவே கூடாது, குழந்தைங்க குடலுக்கு ஆகாத கிருமி அதுல இருக்கலாம். பவுடர் பால்னா கலக்கி ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெச்சிருக்காதீங்க. 6 மாசம் ஆகலன்னா தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேணாம், பேக்கிங் பாதியா குறையும்.

இப்ப குரங்கு. இதை யாரும் எங்களுக்கு சொல்லல. பகோடா பாயிண்ட்ல பேக் ஜிப்பைத் தொறந்து வெச்சுட்டு நான் டயப்பர் மாத்திட்டு இருக்கேன், ஒரு பெரிய குரங்கு அசால்ட்டா வந்து பால் பாட்டிலை எடுத்துட்டுப் போயி சுவத்து மேல உக்காந்து மூடியக் கடிக்குது. என் வீட்டுக்காரர் கல்லை எடுக்கப் போனார், நான்தான் தடுத்தேன், விரட்டினா பாய்ஞ்சு வரும், கைல குழந்தை வேற. அதனால திறந்த வெளில தீனி கவரை வெளிய எடுக்கவே எடுக்காதீங்க, குழந்தை கைல பிஸ்கட் குடுக்காதீங்க, ஊட்டுறது மாத்துறது எல்லாம் காருக்குள்ள கண்ணாடிய ஏத்திட்டு பண்ணுங்க. ஒரு பாட்டில் எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க. யூஸ் பண்ண டயப்பரை கவர்ல கட்டி கீழ எடுத்துட்டு வந்துடுங்க, புதருக்குள்ள வீசினா அதையும் இழுத்துப் போட்டு கிழிச்சு வெச்சிடும்.

எங்க போலாம்னா, அண்ணா பூங்கா, தாவரவியல் பூங்கா ரெண்டும் குழந்தையோட நிம்மதியா உக்காரலாம். சேர்வராயன் கோயில் பக்கம் காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், காதை மூடிட்டு சீக்கிரம் வந்துடுங்க. கிளியூர் அருவி வேணவே வேணாம், செங்குத்தா இறங்கி ஏறணும். படகும் வேணாம், இத்தனூண்டு உடம்புல லைஃப் ஜாக்கெட் நிக்காது. காணும் பொங்கல் அன்னிக்கு ஏரி பக்கமே போகாதீங்க, கூட்டம் அப்படி. ஸ்ட்ரோலரை நாங்க வெட்டியா தூக்கிட்டுப் போனோம், மேடு பள்ளத்துல உருளவே இல்ல, நெஞ்சோட கட்டிக்கிற கேரியர்தான் ஓடுச்சு.

ஆனா எங்களுக்கு ரொம்ப பிடிச்ச நாள் எங்கயும் போகாத நாள்தான். நாங்க தங்கின எஸ்டேட் வீட்ல ஒரு பலாமரம், அத்தை பழைய வாயில் புடவைய எடுத்து தடிமனான கிளையில தூளி கட்டிட்டாங்க. கட்டினதும் பெரியவங்க தொங்கி இழுத்துப் பாக்கணும், தரையிலருந்து ஒரு முழத்துக்கு மேல ஒசரம் வேணாம், கீழ கல்லு இருக்கக்கூடாது, 8 மாசக் குழந்தை பொரண்டு எட்டிப் பாக்கும், அதனால யாராவது ஒருத்தர் நகரவே கூடாது. பாப்பா ரெண்டு மணி நேரம் அசையாம தூங்கினா, நாங்க சூடா காபி குடிச்சோம், சூடா! முழிச்சதும் பாய் விரிச்சு விட்டோம், தவழ்ந்து போய் சருகு, மண்ணு, எறும்பு எல்லாத்தையும் வாய்க்கு கொண்டுபோனா, அதுக்கு வழியே இல்ல, பக்கத்துலயே உக்காந்து பிடுங்கிட்டே இருக்க வேண்டியதுதான். கொசுவுக்கு முழுக்கை சட்டையும் குடை மாதிரி விரியிற கொசுவலையும்.

ராத்திரி கேம்ப் ஃபயர் போட்டாங்கன்னா குழந்தைய புகைக்கு எட்டாம வெச்சுக்கோங்க. குளிருதுன்னு கரி அடுப்பை மட்டும் ரூமுக்குள்ள எடுத்துட்டு வராதீங்க, கதவை சாத்தினா விஷவாயு சேந்து உயிருக்கே ஆபத்து.

மருந்துன்னா, காய்ச்சல் சொட்டு மருந்தை குழந்தையோட எடைக்கு எவ்ளோன்னு டாக்டர்கிட்ட கிளம்புறதுக்கு முன்னாடியே கேட்டு எழுதிக்கோங்க, தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பாக்கெட். ஓஆர்எஸ்ல பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, பாத்து கலக்குங்க. பால் குடிக்கல, துவண்டு கிடக்குது, ஆறேழு மணி நேரமா டயப்பர் நனையல, இப்படின்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அப்பவே டாக்டர்கிட்ட கிளம்புங்க, அவசரம்னா 108. 3 மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலே உடனே டாக்டர்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லா வண்டியும் ஒண்ணா இறங்கும், வளைவுல மணிக்கணக்கா நிப்பீங்க. காலைல அந்த 9 மணி தூக்கத்தோட கிளம்பிடுங்க, பாதி மலை தூக்கத்துலயே போயிடும். அடிவாரம் வந்ததும் மறக்காம வண்டிய நிறுத்தி ஸ்வெட்டரைக் கழட்டுங்க, நாங்க மறந்துட்டோம், சேலம் வந்து பாத்தா பாப்பா தொப்பலா நனைஞ்சு கிடக்குறா, அத்தை வீடு வந்து சேர்ற வரைக்கும் என்கிட்ட பேசல.