தாண்டிக்குடிக் காப்பியை நம்ம ஊர் அடுக்களையில் கெடுக்கும் விதம்

கொடைக்கானல் போய்வந்த மயினி, தாண்டிக்குடித் தோட்டத்துக் காப்பித்தூள் அரைக் கிலோ கொடுத்துவிட்டார்கள். பிரித்ததும் வீடே மணத்தது. நான் அதை ஒரு பழைய தகர டப்பாவில் கொட்டி, சாமான் அறைப் பலகையில் வைத்தேன். எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம். அதே அறையில், பலகைக்குக் கீழே, ஒட்டுப்பால் சாக்கு கிடந்தது. ரப்பர் மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த பால்தான் ஒட்டுப்பால், நாற்றம் தாங்காது. ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பத்து நாள் கழித்து டப்பாவைத் திறந்து முகர்ந்தேன். காப்பி வாசனைக்கு அடியில் புளித்த ரப்பர் வாசனை, மெல்லிசாக. வறுத்த காப்பி பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். ஒட்டுப்பால்தான் என்றில்லை, கிராம்பு, கருவாடு, சோப்பு எதுவானாலும் இதே கதிதான். பொடித்தது இன்னும் சீக்கிரம் இழுக்கும்.

சரி, அந்தக் காப்பி எப்படிப்பட்டது? பழனிமலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் விளைவது பெரும்பாலும் அரபிகா என்ற காப்பி வகை. ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், மர நிழலில், ஆரஞ்சு, மலைவாழை, மிளகோடு சேர்ந்து வளர்வது. குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கும். அதனால் கசப்பு குறைவு, மணம் அதிகம், நாக்கின் ஓரத்தில் பழத்தின் இளம்புளிப்பு தட்டும். நமக்குப் பழகிய கடைக்காப்பி வேறு. அதில் பாதிக்கு மேல் ரொபஸ்டா என்ற இன்னொரு வகையும் சிக்கரியும் இருக்கும். நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை முதலாவதை இரண்டாவது மாதிரி நடத்துவதால் வருபவை.

அதில் முதலிடம் கருப்பட்டிக்கு. கருப்பட்டிக் காப்பியை நான் குறை சொல்ல மாட்டேன், சொன்னால் ஊரில் இருக்க முடியாது. ஆனால் கருப்பட்டிக்கே ஒரு புகைச்சுவையும் லேசான உப்பும் உண்டு. அது உட்கார்ந்த இடத்தில் தாண்டிக்குடியின் புளிப்பும் மணமும் வாயே திறக்காது. கருப்பட்டிக்கு ஈடுகொடுக்க வயநாட்டு ரொபஸ்டாதான் சரி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய காப்பி அது. காஃபீனும் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால் சேர்க்காத கட்டன் போடவும் அதுவே வாகு. இன்னொன்று, கொதிக்கிற பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போடாதீர்கள், பால் திரிந்துவிடும். தனியாகப் பாகாக்கி, மண் போக வடிகட்டி, அடுப்பை அணைத்த பிறகு சேர்க்க வேண்டும். அரபிகாவுக்குச் சீனி போதும், அதுவும் அரைக் கரண்டி.

அப்புறம் கொதிக்க வைப்பது. சட்டியில் தண்ணீரோடு தூளையும் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கசப்பும் துவர்ப்பும் இறங்கும், மணம் ஆவியோடு போய்விடும். ஃபில்டர்தான் இதற்கு நல்லது. தண்ணீர் கொதித்ததும் அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள், 90-லிருந்து 96 டிகிரிக்குள் இருந்தால் போதும். ஃபில்டருக்குள் இருக்கும் குடை மாதிரித் தட்டை வைத்துத் தூளை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினால் தண்ணீர் இறங்காமல் நின்றுவிடும். சும்மா சமமாக்கினால் போதும். இறங்கிய டிக்காஷனை மறுபடி அடுப்பில் சூடாக்குவதும் வேண்டாம். பாலைச் சூடாக வைத்துக்கொள்ளலாம்.

டிக்காஷன் கறுப்பாக இல்லையே என்று கவலைப்படுவது வீட்டுக்கு வீடு உண்டு. அந்தக் கறுப்பு பெரும்பாலும் சிக்கரி தருவது. கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், அதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது விதி. பாக்கெட்டின் முன்பக்கத்து மலைப்படத்தைப் பார்க்கிறோம், பின்பக்கத்து எழுத்தைப் பார்ப்பதில்லை. பீபெரி என்றால் ஏதோ தனி ஜாதி என்று நினைப்பதும் இப்படித்தான். பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்று இருந்தால் அது பீபெரி, அவ்வளவுதான்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை. ஜூன் வாக்கில் இடவப்பாதியில் ஒரு சுற்று, ஐப்பசியில் இன்னொன்று. இந்த ஈரத்தில் திறந்த தூள் கட்டிபிடிக்கும். அதற்குப் பயந்து பிரிட்ஜில் வைப்பார்கள். தினமும் வெளியே எடுக்கும்போது டப்பா வியர்க்கும், அந்த ஈரம் உள்ளே போகும், கூடவே நேற்றைய மீன்குழம்பும். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், அலமாரிக்குள், இரண்டு வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் வைப்பது நல்லது. முடிந்தால் கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைத்துக்கொள்ளுங்கள்.

மயினி போனில் கேட்டார்கள். "மக்களே, அந்தக் காப்பி எப்படி இருக்கு?"

ஒட்டுப்பால் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "நல்லா இருக்கு மயினி" என்றேன்.

இந்தத் தடவை ஒரு கிலோ வந்திருக்கிறது. தூளாகத்தான்.