பாட்டி பிறந்தபோது ஊர் எந்த ஆட்சியில் இருந்தது?

குடும்ப வரலாறு எழுதும்போது, ஊர்ப்பெயரை அந்தச் சம்பவம் நடந்த காலத்தில் இருந்தபடியே குறித்து வையுங்கள். நாகர்கோவிலையே எடுத்துக்கொள்வோம். பாட்டி 1940-இல் அங்கே பிறந்திருந்தால் 'நாகர்கோவில், திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்றுதான் எழுத வேண்டும். 1952 என்றால் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1-க்குப் பிறகுதான் அது சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டம். தமிழ்நாடு என்ற பெயர் 1969-இல் வந்தது. இன்றைய பெயரைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பழைய பத்திரமோ பதிவோ தேடுகிறவர் சென்னையோடு நிற்காமல், திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த திருவனந்தபுரத்திலும் விசாரிக்க வேண்டும் என்பது இதில்தான் தெரியும். அப்புறம், பத்திரத்தில் இருக்கும் எழுத்தையும் திருத்தாமல் அப்படியே படியெடுங்கள்.