வீட்டு அறையில் ஸ்டூடியோ, கொஞ்சம் கொஞ்சமாக

முதலில் மைக் வாங்க ஓடாதீர்கள், அறையைக் கேளுங்கள். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். சுவரில் பட்டு 'டங்'கென்று திரும்பி வந்தால், எவ்வளவு விலையுள்ள மைக்கும் அந்த எதிரொலியையும் சேர்த்துத்தான் பதிவு செய்யும். இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள், முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டி இரண்டு கனமான போர்வைகளைத் தொங்க விடுங்கள்.

அடுத்த மாதம் காதை முழுதாக மூடும் ஹெட்போன். அப்புறம்தான் ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக்கும். நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் பாண்டம் பவர் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும், தெருவில் போகும் ஷேர் ஆட்டோவையும் அது விடாமல் பிடிக்கும். மதுரையின் சந்தடி மிகுந்த மாசி வீதிப் பக்கம் குடியிருந்தால், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காத டைனமிக் மைக்தான் என் சிபாரிசு, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள். மென்பொருளுக்குக் காசு வேண்டாம், ஒலியைப் பதிவு செய்து திருத்த உதவும் ஆடாசிட்டி இலவசம். 24 பிட்டில் (பதிவின் நுணுக்க அளவு), உச்சக் குரல்கூட மென்பொருளின் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள்.

ஃபேனை நிறுத்தியாக வேண்டும், சித்திரை வெயிலில் அது பெரிய கொடுமை, அதனால் முக்கியமான பாட்டை நான் விடிகாலையில், கோயில் ஒலிபெருக்கி தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுவேன். பதிவை உள்ளபடி கேட்டுச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கர் கடைசியில் வாங்கினால் போதும்.