நோமோட்செட் என்ற ஒரே ஒரு சொல்

சத்துவாச்சாரி வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட நாளிலிருந்து வீடியோ திக்கித் திக்கித்தான் ஓடியது. விண்டோவை இழுத்தால் பின்னாலேயே கோடு கோடாக வரும். ஃபேன் விடாமல் இரையும். வேலூர் வெயில்தான் காரணம் என்று நினைத்து, பெட்டியைக் கழற்றித் தூசி தட்டினேன். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, வீடியோ அப்படியேதான்.

காட்பாடியில் இருக்கும் அக்கா மகன் போனில் சொன்னான்: "டெர்மினல்ல, அதான் கட்டளை அடிக்கிற விண்டோவுல, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோனு அடிங்க மாமா. படத்தை எது வரையுதுன்னு அது காட்டும். ரெண்டரர்னு ஒரு வரி வரும், அதுல என்ன இருக்கு?"

'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தது. அதாவது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்க, படம் வரையும் வேலை முழுவதையும் பிராசசரே இழுத்துக்கொண்டிருந்தது. பாவம், அதனால்தான் அந்தச் சூடு.

இன்ஸ்டால் செய்த அன்று திரை கறுப்பாகவே நின்றதால், பூட் வரியில், அதாவது கம்ப்யூட்டர் கிளம்பும்போது லினக்ஸுக்குப் போகும் கட்டளை வரியில், நோமோட்செட் என்று சேர்த்திருந்தேன். அப்புறம் எடுக்கவில்லை. அது இருக்கும்வரை கார்டின் டிரைவர் ஒழுங்காக ஏறாது. முதலில் பூட் மெனுவில் 'ஈ' கீயை அழுத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் எடுத்துப் பார்த்தேன். திரை வந்தது. பிறகுதான் பூட் மெனுவின் அமைப்புகள் இருக்கும் கிரப் ஃபைலில் அழித்து, அந்த மாற்றம் நிலைக்க அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தேன்.

இப்போது ரெண்டரர் வரியில் கார்டின் பெயரே வருகிறது. மகளின் பாட வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடுகிறது.