கிண்டியா, பீளமேடா: பொறியியலோடு நிர்வாகத்தையும் நோக்கும் மாணவர் தேர்ந்தெடுக்கும் முறை

பொறியியல் முடித்தபின் நிர்வாகத் துறைக்கோ சொந்தத் தொழிலுக்கோ செல்ல எண்ணுபவருக்கு நல்ல கட்-ஆஃப் அமைந்துவிட்டால், கிண்டிப் பொறியியல் கல்லூரி, கோவை பீளமேட்டிலுள்ள பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய இரண்டில் எதைப் பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் முன்னே வைப்பது என்ற குழப்பம் எழுவது இயல்பு. முன்னது 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. பின்னது 1951இல் நிறுவப்பட்டது. கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகம், பி.எஸ்.ஜி. அதனுடன் இணைந்த தன்னாட்சிக் கல்லூரி என்பதால், இரண்டிலும் பட்டம் வழங்குவது அண்ணா பல்கலைக்கழகமே. உறவினர்கள் எடுத்துவைக்கும் 'யுனிவர்சிட்டி பெயர்' வாதத்தில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வேலைவாய்ப்புக் கணக்கு. கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் அதிகபட்சச் சம்பளம் ஓரிரு மாணவருக்குக் கிடைத்ததாக இருக்கலாம். அதை ஒதுக்கிவிட்டு, மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் ஒவ்வொரு நிறுவனமும் அளித்துள்ள தரவில், படிப்பை முடித்தவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர், இடைநிலைச் சம்பளம் (வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு என்ற நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனால் அங்கே கிண்டி தனியாக இல்லை. அண்ணா பல்கலைக்கழகம் என்ற மொத்தக் கணக்கில் அடங்கிவிடுகிறது. எனவே நீங்கள் சேர விரும்பும் பாடப்பிரிவின் இறுதியாண்டு மாணவர் இருவரையாவது நேரில் கேட்டு, அந்தப் பிரிவுக்கு எந்தெந்த நிறுவனங்கள் வந்தன, அவற்றுள் படித்த துறையிலேயே வேலை தரும் கோர் நிறுவனங்கள் எவை, மென்பொருள் நிறுவனங்கள் எவை என்று அறிவது அவசியம்.

தொழில் தொடங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால், நான் கோவையின் பக்கமே சாய்வேன். பம்பு, மோட்டார், வார்ப்படம் என்று சிறுதொழில்கள் சூழ்ந்த ஊர் அது. பி.எஸ்.ஜி.யின் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பில் வகுப்பறைக் கல்வியோடு தொழிற்கூடப் பயிற்சியும் இணைந்தே வருகிறது. ஓராண்டு கூடுதலாவதைப் பெற்றோர் இழப்பாகக் கருதக்கூடும். பட்டறையின் வரவு செலவு புரியத் தொடங்கும் மாணவருக்கு அது இழப்பன்று. பெருநிறுவனப் பணியோ எம்.பி.ஏ.வோ இலக்கானால் கணக்கு மாறுகிறது. எம்.பி.ஏ. படிப்புக்குப் பெயர்பெற்ற ஐ.ஐ.எம்.களில் பல, கேட் (CAT) நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் எடுத்துக்கொள்வதால், பிடிக்காத பிரிவில் அரியரோடு தடுமாறுவதைவிட, பிடித்த பிரிவு எந்த வளாகத்தில் கிடைக்கிறதோ அதுவே மேல்.

கட்டணத்தையும் பிரிவுவாரியாகப் பாருங்கள். ஒரே கல்லூரியிலேயே எஸ்.எஸ். என்று குறிக்கப்பட்ட சுயநிதிப் பிரிவின் கட்டணம் வேறு. விடுதிச் செலவு தனி.

இறுதியாக, பட்டியலைக் கல்லூரி வாரியாக அடுக்காமல், கல்லூரியும் பிரிவும் சேர்ந்த இணைகளாக உண்மையான விருப்ப வரிசையில் அடுக்குங்கள். உங்கள் தரவரிசைக்கு எட்டும் இடங்களில் பட்டியலில் மேலே இருப்பதே ஒதுக்கப்படும் என்பதால், கிடைக்காது என்று அஞ்சி விரும்பியதைக் கீழே தள்ளத் தேவையில்லை.