ப்ரோச் வாங்கினால் முதலில் அதன் முதுகைப் பாருங்கள்

ஆடையில் குத்திக்கொள்ளும் நகையான ப்ரோச்சின் அழகு முன்பக்கம் இருக்கிறது. அது விழுமா, சாயுமா, துணியைக் கிழிக்குமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது பின்பக்கம். கையில் எடுத்ததும் திருப்பிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

பின்னால் மூன்று உறுப்புகள் இருக்கும்: ஊசி, அது திரும்பும் கீல், நுனியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. நாம் தினமும் பயன்படுத்தும் ஊக்கும் இதே குடும்பம்தான். சுருள் வில்லும் நுனியை மூடும் உறையும் கொண்ட இன்றைய ஊக்குக்கு வால்டர் ஹன்ட் 1849-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஆனால் வெண்கலக் காலத்திலேயே மனிதர்கள் இதே தத்துவத்தில் மேலாடையைச் சேர்த்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். அலங்காரம் பிறகு வந்து சேர்ந்தது.

கொக்கியில் மூன்று வகை அடிக்கடி கண்ணில் படும். வெறும் வளைந்த கம்பியாக, பூட்டு இல்லாமல் இருந்தால் பழைய பாணி. அத்தகைய நகைகளில் ஊசி பெரும்பாலும் விளிம்பைத் தாண்டி நீண்டிருக்கும். அதைத் தவறு என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். நீண்ட நுனியை மறுபடி துணிக்குள் செருகத்தான் அந்த நீளம். இரண்டாவது, சிறு குழாயை இழுத்துத் தள்ளி மூடும் வகை. மூன்றாவது, உருளும் சிறு தகடு நுனியை மூடிக்கொள்வது. இது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது, இன்றும் பெரும்பாலும் இதுதான். கொக்கியை மட்டும் வைத்து நகையின் வயதைச் சொல்லிவிட முடியாது. பழைய ப்ரோச்சுக்குப் புதுக் கொக்கி பற்றவைப்பது சகஜம். புது நகையிலும் பழைய பாணிக் கொக்கி வைப்பார்கள். சுற்றிலும் பற்றாசின் தடம் வேறு நிறமாகத் தெரிந்தால், பின்னாளில் மாற்றியது என்று ஊகிக்கலாம்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: ஊசி எந்த உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது? மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. நடுவிலோ கீழேயோ இருந்தால் எடை ஊசிக்கு மேலே நின்று, தலைப்பக்கம் முன்னால் கவிழும். எவ்வளவு அழகாக இருந்தாலும் நாள் முழுவதும் குனிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யும் எரிச்சல் அணிபவருக்குத்தான்.

குத்தும் முறை

முதலில் நுனியைச் சோதியுங்கள். பஞ்சின்மேல் மெதுவாக இழுத்தால் இழை சிக்கக் கூடாது. சிக்கினால் நுனியில் பிசிறு இருக்கிறது. மிக நுண்ணிய உப்புத்தாளில் நுனியை நோக்கி நான்கைந்து முறை தேய்த்தால் போகும். மழுங்கிய ஊசி இழைகளுக்கு இடையே நுழையாது, இழையை அறுத்துக்கொண்டுதான் போகும். பட்டில் நிரந்தர ஓட்டை விழுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பிறகு இடம். கண்ணாடி முன் நின்று, தோள் எலும்பிலிருந்து 7 முதல் 10 சென்டிமீட்டர் கீழே வைத்துப் பாருங்கள். பலர் மிகக் கீழே குத்திவிடுகிறார்கள். அங்கே துணி உடலை விட்டு விலகி நிற்பதால் நகை தலைகுனியும். பை மாட்டும் தோள், சீட் பெல்ட் உரசும் பக்கம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அன்று ப்ரோச்சே வேண்டாம்.

இடம் முடிவானதும் துணியின் பின்னால் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊசியைச் செருகி, 5 மில்லிமீட்டர் தள்ளி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, கொக்கிக்குப் பக்கத்தில் வெளியே கொண்டுவாருங்கள். ஒரே குத்தில் முடித்தால் வட்ட வடிவ நகைகள் சுழன்றுவிடும். இரண்டு முறை நுழைந்த ஊசி அவ்வளவு எளிதில் சுழலாது. நுனியைக் கொக்கியில் மாட்டிப் பூட்டைத் திருப்பியபின், துணியைப் பிடித்து லேசாக உலுக்கிப் பாருங்கள்.

பூட்டில்லாத கொக்கி என்றால், காதணியின் பின்னால் போடும் சிறு ரப்பர் திருகை ஊசியில் ஏற்றிவிட்டுப் பிறகு கொக்கியில் மாட்டுங்கள். துணி நழுவாது. நீளவாக்கில் அணியும் குச்சி வடிவ ப்ரோச்சில் கீல் மேலேயும் நுனி கீழேயும் இருக்கட்டும். கொக்கி திறந்துகொண்டாலும் நகையின் எடை ஊசியைத் துணிக்குள்ளேயே அழுத்தும். தலைகீழாகக் குத்தினால் அதே எடை ஊசியை உருவிவிடும்.

துணிக்குத் தக்கபடி

கம்பளிக் கோட்டும் கெட்டி டெனிமும் தயங்காமல் தாங்கும். மெல்லிய பட்டு, ஷிஃபான் போன்றவற்றுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டர் சதுர ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த கெட்டித் துணி) துண்டை, ஆடையின் நிறத்திலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். எடையை ஃபெல்ட் வாங்கிக்கொள்ளும். பின்னலாடையில் ஊசி கண்ணியை அறுத்தால் ஏணிபோல ஓடும். மெல்லிய ஊசியாகப் பார்த்து, கண்ணிகளுக்கு இடையே மட்டும் நுழைத்துக் குத்துங்கள். தோலிலும் நீர்புகாத மழைக்கோட்டிலும் குத்தவே குத்தாதீர்கள். தோலில் ஓட்டை மூடாது, மழைக்கோட்டில் அந்த வழியாக நீர் கசியும்.

ஓட்டை விழுமோ என்று பயப்படுபவர்களுக்குக் காந்த ப்ரோச் இருக்கிறது. எடை குறைந்த நகைக்கு நன்றாகவே வேலை செய்யும். தடித்த துணியில் பிடிமானம் குறையும். ஆனால் இதயமுடுக்கி பொருத்தியவர்கள் மார்பின்மேல் காந்தம் வைக்கவே கூடாது. அவர்களைக் கட்டிப்பிடிப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

கழற்றும்போது நகையைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டைத் திறந்து, சட்டகத்தை ஒரு கையில் அசையாமல் பிடித்து, மறுகையால் துணியை ஊசியிலிருந்து வழுக்கவிடுங்கள். நெய்த துணியில் குத்திய தடம் தெரிந்தால், நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக லேசாக வருடி, சற்றுத் தள்ளி நீராவி காட்டினால் இழைகள் பழைய இடத்துக்கு நகர்ந்துவிடும். இழை அறுந்திருந்தால் இது பலிக்காது.

ஆடையில் குத்தியபடியே அலமாரியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் துணி தொய்ந்துபோகும். ஊசியை மூடி, தனித்தனிப் பையில் வையுங்கள். பின்புறம் தகடு ஒட்டிய கண்ணாடிக் கற்கள் இருந்தால் நீரில் முக்காதீர்கள். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்து, கல் ஒளியிழக்கும். முத்து என்றால் வாசனைத் திரவியமெல்லாம் பூசி முடித்த பிறகே அணியுங்கள், கழற்றியதும் மென்துணியால் துடையுங்கள். உலோகத்தில் பச்சைக் களிம்பு கண்டால் அந்த நகையை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். கீல் தளர்ந்து ஊசி ஆடினாலோ, கொக்கியில் நுனி இறுக்கமில்லாமல் உட்கார்ந்தாலோ நகைப் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தபின் அணியுங்கள்.